ப்ளஸ் மூன்று

ஏப்ரல் 21, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் சங்கரா மீன் வாங்கினோம். அம்மா பழக்கத்தில் இரண்டு துண்டு அதிகமாகச் சொல்லிவிட்டாள். மீன்காரர் வெட்டிய பிறகுதான் கவனித்தாள். "பரவால்ல, போடுங்க" என்றாள். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. பொன்மலையில் எல்லாருக்கும் தெரியும்.

இன்று இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். டிசம்பருக்குப் பிறகு சிலிண்டர் வந்த நாளும், நான் பிழை திருத்தி அனுப்பிய புத்தகங்களின் பெயர்களும்தான் இருக்கின்றன. நடந்ததை எங்கேயும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். தம்பி கிளிட்டஸ் டிசம்பர் கடைசியில் இறந்தான். கரூர்ப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் இசைக்குழுவின் கீபோர்டை வாசித்துவிட்டுத் திரும்பிய வேன் கவிழ்ந்தது. வயது இருபத்து நான்கு.

எழுதும்போது கை சாதாரணமாகவே இருந்தது.

மதியம் பாட்டுக் குழு மாஸ்டர் ஃபெலிக்ஸ் வந்தார். மே பன்னிரண்டு பங்குத் திருவிழா. ஒவ்வொரு வருடமும் எல்லாரும் நற்கருணை அப்பம் வாங்கி முடிந்ததும் அப்பா சாக்ஸபோனில் ஒரு பாட்டு வாசிப்பார். கிளிட்டஸ் கீபோர்டில் கூட வருவான்.

"இந்த வருஷமும் நீங்கதான்ணே வாசிக்கணும்."

"யாரை வச்சுடா வாசிக்கிறது?"

"ட்ராக் போட்டுக்கலாம்ணே. இப்ப எல்லாக் கோயில்லயும் ட்ராக்தான்."

அப்பா ரயில்வே பட்டறை பேண்டில் முப்பது வருடம் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர். டிசம்பரிலிருந்து அதைத் தொடவில்லை. பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறது. இன்று அவர் "பாக்கலாம்" என்றார். இத்தனை மாதத்தில் "வேண்டாம்" என்று சொல்லாத முதல் விஷயம் இதுதான்.

கிளம்பும்போது ஃபெலிக்ஸ் தயங்கித் தயங்கி, திருவிழா முடிந்ததும் கிளிட்டஸின் கீபோர்டைப் பாட்டுக் குழுவுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். "சும்மாத்தானே கெடக்கு" என்றார். "எடுத்துக்கப்பா" என்றாள் அம்மா, உடனே.

பிறகு சமையலறையில் என்னிடம் சொன்னாள்: "இந்தத் திருவிழாவுக்கு எடுக்கலன்னா உங்கப்பா இனிமே எடுக்க மாட்டாருடி. நீ ஏதாவது பண்ணு."

ஏப்ரல் 22, திங்கள்

கடைகளில் விற்கிற பின்னணி இசை ட்ராக்குகள் எதுவும் அப்பாவின் வேகத்தில் இல்லை. ஆகவே ஒரு மென்பொருளை இறக்கியிருக்கிறேன். பாட்டின் கார்டுகளை, அதாவது கீபோர்டுக்காரர் ஒன்றாக அழுத்தும் சுரக்கூட்டங்களின் பெயர்களை, கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்தால் போதும். தாளவகையைத் தேர்ந்தெடுத்தால் டிரம், பேஸ், கிடார், பியானோ எல்லாம் அதுவே வாசிக்கும். எனக்கு ஒரு வாத்தியமும் தெரியாது. ஆனால் தட்டச்சு செய்யத் தெரியும்.

முதலில் சும்மா ஓட்டிப் பார்த்தேன். டிரம் சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தாள்.

"உள்ள எத்தன பேரு இருக்கானுங்க?"

"நாலு பேரும்மா."

"டீ போடணுமா?"

அப்பா நாளிதழைத் தாழ்த்தாமலேயே சொன்னார்: "நான் நற்கருணைக்கு வாசிக்கிறவன். இது பார்ட்டிக்கு அடிக்கிறான். மெதுவா அடிக்கச் சொல்லு."

மெதுவாக்கினேன்.

ஏப்ரல் 24, புதன்

அப்பா பாட்டுத் தாளைக் கொடுத்தார். அவர் கையெழுத்து. ஜி, சி, டி-செவன் என்று ஆங்கில எழுத்துகளில் கார்டுகள். கிளிட்டஸும் இதே தாளைத்தான் பார்த்து வாசிப்பானாம்.

கூடவே ஒரு பாடமும் நடத்தினார். ஆல்டோ சாக்ஸபோன் மற்ற வாத்தியங்கள் மாதிரி இல்லை. "நான் சி-ன்னு ஊதுவேன். வெளிய வர்றது இ-ஃபிளாட். பியானோக்காரன் சி-ய அமுக்கினா என்கூடச் சேராது. அவன் மூணு படி மேல போவணும்."

"கறுப்புக் கட்டையும் சேத்தா?"

"ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு. மூணு. நான் ஜி-ல வாசிச்சா அவன் பி-ஃபிளாட்ல வாசிக்கணும். கீபோர்டுல அதுக்கு ஒரு பட்டன் இருக்கு. அமுக்கிட்டா கை மாத்தாமலே சத்தம் மாறிடும். சோம்பேறி வேலை."

இது எனக்குத் தெரிந்த சண்டை. கிளிட்டஸைப் 'பட்டன் மாஸ்டர்' என்று கூப்பிடுவார். "கையை மாத்தி வாசிடா. கரண்ட் போச்சுன்னா பட்டன் என்ன செய்யும்?" என்பார். "கரண்ட் போச்சுன்னா கீபோர்டே போயிரும்ப்பா" என்பான் அவன். கடைசியில் கையாலேயே பழகிவிட்டதாகச் சொன்னான். அப்பாவுக்கு ஒரே பெருமை. பட்டறை நண்பர்கள், பங்குச் சாமியார், பால்காரர் என்று ஒருவர் விடாமல் சொன்னார். ஜனவரியில் துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமும் சொன்னார். "கையாலதான் மாத்துவான். பட்டனத் தொட மாட்டான்."

மென்பொருளில் 'வாசிப்பவரின் வாத்தியம்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஆல்டோ சாக்ஸபோனும் இருக்கிறது. தேர்ந்தெடுத்துவிட்டேன். எளிதாக முடிந்தது.

ஏப்ரல் 25, வியாழன்

துணி துவைத்தேன். மொட்டை மாடியில் கொடி அறுந்திருக்கிறது.

ஏப்ரல் 27, சனி

அப்பா பெட்டியைத் திறந்தார். வாயில் வைக்கும் நாணல் பட்டையை வெகுநேரம் தண்ணீரில் ஊற வைத்தார். தாடியை எடுத்திருந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு அவருக்கு மட்டும் முட்டை பொரித்தாள்.

நான் ட்ராக்கை ஓடவிட்டேன். முன்னிசை முடிந்து அவர் ஊத ஆரம்பித்தார். முதல் வரியிலேயே எனக்கும் தெரிந்தது. இரண்டு வானொலிகள் ஒரே அறையில் பாடுவது போல் இருந்தது.

நிறுத்தினார். "ஆல்டோன்னு போட்டியா?"

"போட்டேன்ப்பா."

"திரும்பப் பாரு."

பார்த்தேன். ஆல்டோ சாக்ஸபோன் என்றே இருந்தது. திரையிலும் கார்டுகளின் பெயர்கள் ஜி-யிலிருந்து இ-யாக மாறியிருந்தன. ஏதோ மாறியிருக்கிறது என்று அவரிடம் காட்டினேன். கண்ணாடி போடாமல் தலையாட்டினார்.

மறுபடி ஊதினார். மறுபடி அதே.

"மிஷின் தப்பு பண்ணாது" என்றார். "நான்தான் சேர மாட்டேங்கிறேன். காது போச்சு போல."

"பழகினா வந்துடும்ப்பா."

"சுருதி பழகி வர்றதில்ல பெனி. அது இருக்கும், இல்லன்னா இருக்காது."

ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் வேண்டாம் என்றார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

தினமும் ஒரு முறை முயல்கிறார். தினமும் பாதியில் நிறுத்துகிறார். நேற்று பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதது. ட்ராக்கின் சத்தத்துக்குத்தான் அழுதிருக்கும் என்று நினைக்கிறேன். அப்பா ஜன்னலைச் சாத்தினார்.

ஒரு நாவலின் மெய்ப்பு வந்திருக்கிறது. கதாநாயகி பக்கத்துக்குப் பக்கம் அழுகிறாள். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

எனக்கு நான்கு மாதமாக எதுவும் தோன்றவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை வேகமாக முடிகிறது.

அலமாரியைத் துடைத்தபோது சுக்கு டப்பா நிறைய இருப்பதைப் பார்த்தேன். பூசையில் அப்பாவின் பாட்டுக்கு முன்னால் மட்டும் கிளிட்டஸுக்கு இருமல் வரும். பதற்றம் என்று அம்மா முடிவு செய்து, திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே சுக்குக் கஷாயம் கொடுப்பாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பான். டப்பாவைத் துடைத்து அதே இடத்தில் வைத்தேன்.

மே 3, வெள்ளி

தப்பு அப்பாவிடமா கணினியிலா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி தோன்றியது. கீபோர்டில் பார்ப்பது. அவர் சி என்று ஊத வேண்டும். மூன்று படி மேலே உள்ள கறுப்புக் கட்டையை நான் அழுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அவர் காதும் வாத்தியமும் சரி.

கீபோர்டு கிளிட்டஸின் அறையில் இருக்கிறது. அம்மா வாரம் ஒருமுறை பெருக்குவாள். நான் உள்ளே போய் நாளாகிவிட்டது. வேலை இருக்கவில்லை, அதனால் போகவில்லை. போர்வை மூடியிருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் சின்னத் திரையில் நீல விளக்கு எரிந்தது.

அப்பா கூடத்திலேயே நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை.

"ஊதுறேன். தேடு."

நீளமாக ஒரு சுரம் வந்தது. கறுப்புக் கட்டையை அழுத்தினேன். சேரவில்லை. அடுத்தடுத்து அழுத்திக்கொண்டே கீழே வந்தேன். சி-க்கு வந்ததும் இரண்டு சத்தமும் ஒன்றாகிவிட்டன. எது அவருடையது, எது கீபோர்டுடையது என்றே பிரிக்க முடியவில்லை. வீடு முழுக்க ஒரே சத்தம். நான் விரலை எடுக்கவில்லை. அவரும் மூச்சு தீரும் வரை விடவில்லை.

பிறகு கேட்டார்: "எந்தக் கட்டை?"

"சி-தான்ப்பா."

"கறுப்பா வெள்ளையா?"

"வெள்ளை. ரெண்டு கறுப்புக் கட்டை சேந்து இருக்குல்ல, அதுக்கு இடப்பக்கம்."

அவர் வாத்தியத்தைக் கழற்றும் ஒலி மட்டும் கேட்டது.

"சரி. போர்வையப் போட்டு மூடிட்டு வா."

நான் வெளியே வருவதற்குள் பெட்டி கட்டிலுக்கடியில் போயிருந்தது. சாயங்காலம் ஃபெலிக்ஸுக்குப் போன் செய்தார். "இந்த வருஷம் வேணாம்டா. வேற யாரையாவது பாரு." அம்மா என்னைப் பார்த்தாள். நான் தோசை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சி ஊதினால் வெளியே இ-ஃபிளாட் வர வேண்டும். சி-யே வருகிறது. முப்பது வருட வாத்தியம் ஒரே நாளில் மாறாது. அப்படியானால் அவர் ஊதுவதுதான் மாறிவிட்டது. துக்கத்தில் இப்படியெல்லாம் ஆகுமா என்று தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

மே 4, சனி

கொடிக் கயிறு வாங்கினேன். மஞ்சள்.

மே 6, திங்கள்

அப்பா காலையில் நடக்கப் போவதையும் நிறுத்திவிட்டார். அம்மா ஆரம்பித்தாள்.

"ஊதுறதுன்னா ஊதுங்க. இல்லன்னா அத யாருக்காவது குடுத்துடுங்க. கட்டிலுக்கடியில ஆளப் படுக்க வச்ச மாதிரி இருக்கு."

"குடுத்துடலாம்."

அவர் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வார் என்று அம்மா எதிர்பார்க்கவில்லை. துவரம்பருப்பை இரண்டாவது முறை களைந்தாள்.

மே 7, செவ்வாய்

கிளிட்டஸின் அறைக் கதவிடுக்கில் நீல வெளிச்சம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை போர்வையை மூடினேனே தவிர ஸ்விட்சை அணைக்கவில்லை. கரண்ட் வீணாகிறது என்று போனேன்.

போர்வையை விலக்கினேன். பிழை திருத்துகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பெரிய எழுத்தை விட்டுவிட்டு மூலையில் இருக்கும் சின்ன எண்ணைப் பார்ப்போம். சின்னத் திரையின் வலது மூலையில் ஆங்கிலத்தில் 'ட்ரான்ஸ்போஸ்' என்று இருந்தது. பக்கத்தில் ப்ளஸ் மூன்று.

நின்றுகொண்டே இருந்தேன்.

அப்பா சொன்ன அந்தப் பட்டன்தான். சி-யை அழுத்தினால் இ-ஃபிளாட் கேட்கும். வெள்ளிக்கிழமை அப்பா ஊதியது சரி. வாத்தியம் சரி. காது சரி. நான்தான் சி என்று நினைத்துக்கொண்டு இ-ஃபிளாட்டை ஒலிக்க விட்டிருக்கிறேன்.

அவன் கையை மாற்றி வாசிக்கவே இல்லை. அப்பாவின் பாட்டு வந்ததும் மூன்று படி ஏற்றிவிட்டு, அந்தத் தாளை அப்படியே பார்த்து வாசித்திருக்கிறான். இது அணைத்தாலும் மறக்காத ரக கீபோர்டு. மூன்றில் நிற்கிறது என்றால், கடைசியாக அவன் இதில் வாசித்தது அப்பாவோடுதான். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம், கூடத்தில். நான் அப்போது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தேன்.

இறக்கும் பட்டன் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று முறை அழுத்தினால் பூஜ்யம் வரும். அப்பாவைக் கூப்பிட்டு மறுபடி ஊதச் சொல்லி, "பாருங்க, நீங்க சரிதான்" என்று காட்டிவிடலாம். விரலை அதன் மேல் வைத்தேன்.

எடுத்துவிட்டேன்.

காட்டினால் மற்றதும் தெரிந்துவிடும். ஊர் முழுக்கச் சொன்னவர். ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டு வந்தேன்.

மே 8, புதன்

அப்பா சரி என்றால் ட்ராக்தான் தப்பு. மென்பொருளின் உதவிப் பக்கங்களை மெய்ப்புப் பார்ப்பது போல் வரி வரியாகப் படித்தேன்.

இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று, நான் தேர்ந்தெடுத்த 'வாசிப்பவரின் வாத்தியம்'. அது திரையில் தெரியும் எழுத்துகளை மட்டும் அந்த வாத்தியத்துக்கு ஏற்ப மாற்றிக் காட்டும். ஒலியைத் தொடாது. கண்ணுக்கான அமைப்பு. இரண்டாவது, பாட்டின் சுருதியையே ஏற்றி இறக்குவது. அது காதுக்கானது. இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. நான் அப்பாவின் தாளில் இருந்த ஜி-யை அப்படியே தட்டச்சு செய்துவிட்டு, கண்ணுக்கானதை மாற்றிவிட்டு, காதுக்கு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அவர் பி-ஃபிளாட்டில் ஒலிக்க, நான்கு பேரும் ஜி-யிலேயே வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது கட்டத்தில் மூன்று என்று அடித்தேன். கணினி தானாகவே முன்னால் ஒரு ப்ளஸ் போட்டுக்கொண்டது.

மே 9, வியாழன்

காலை பத்து மணி இருக்கும். அப்பா கூடத்தில் அம்மாவுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ட்ராக்கை ஓடவிட்டேன்.

முன்னிசையின் இரண்டாவது வரியில் பூண்டு உரிப்பது நின்றது. எழுந்தார். குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தார். பட்டையை ஊற வைக்கவில்லை, நாக்காலேயே நனைத்துக்கொண்டார். அதற்குள் பாட்டு பாதி போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

சேர்ந்தது. எப்படிச் சேர்ந்தது என்று எழுதத் தெரியவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மூச்சு பிசிறியது. வாய் தளர்ந்திருக்கிறது. ஆனால் சேர்ந்தது. அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

முடிந்ததும் பனியன் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க இருந்துச்சு தப்பு?"

"கம்ப்யூட்டர்லப்பா. ஒரு செட்டிங் மாறியிருந்துச்சு."

"ம்."

பூண்டுத் தோலைக் கையால் கூட்டிச் சேர்த்தார். அப்புறம், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அவன் கீபோர்டுல மூணு இருக்கே, அத எடுத்துட்டியா?"

மடிக்கணினியை மூடினேன்.

"இல்லப்பா."

"எடுக்காத."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நீ வெள்ளைக் கட்டைன்னு சொன்னியே, அன்னிக்கே."

"இல்ல. அவன் பட்டன்ல வாசிக்கிறது."

"அதா?" சிரித்த மாதிரி இருந்தது. "எம் பாட்டுக்கு முன்னாடி இருமுவான்ல. அந்தப் பட்டன் டிக்குனு சத்தம் போடும். அது கேக்காம இருக்கறதுக்கு. ஒரு இருமலுக்கு ஒரு அமுக்கு. மூணு இருமல்."

"அப்புறம் எதுக்குப்பா ஊரெல்லாம் கையால வாசிக்கிறான்னு சொன்னீங்க?"

"புள்ள அவ்வளவு கஷ்டப்பட்டு இருமுறான். நாமளும் ஏதாவது செய்யணும்ல."

வாசலிலிருந்து அம்மா கேட்டாள்: "அப்ப நான் போட்ட கஷாயம்?"

"நல்லாத்தான குடிச்சான்."

அம்மா உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை ஏன் வாத்தியத்தை மூடி வைத்தார் என்று நான் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று அவன் வைத்தது அப்படியே நிற்பது அவருக்கும் அன்று கேட்டிருக்கும்.

மே 10, வெள்ளி

அப்பா இரண்டு முறை வாசித்தார். ஃபெலிக்ஸுக்குப் போன் செய்து, "நானே வாசிக்கிறேன்டா" என்றார். அம்மா சுக்கு டப்பாவைத் திறந்து, முகர்ந்துவிட்டு மூடினாள்.

மே 12, ஞாயிறு. திருவிழா

கோயில் நிறைந்திருந்தது. வெக்கை. மடிக்கணினியை ஒலிபெருக்கியோடு இணைத்து நான் பாட்டுக் குழுவின் ஓரத்தில், போன வருடம் வரை கீபோர்டு இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். நற்கருணை முடிந்து எல்லாரும் அமர்ந்தார்கள். அப்பா மைக் அருகே போய் நின்று, என் பக்கம் திரும்பாமல் தலையசைத்தார்.

சுருதி ஏற்கெனவே சரியாக இருந்தது. ஓடவிடும் கட்டையை ஒருமுறை தட்டினால் போதும்.

தட்டுவதற்கு முன்னால் இருமினேன். மூன்று முறை. சளி எதுவும் இல்லை. ஃபெலிக்ஸ் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு வாத்தியத்தை வாயில் வைத்தார்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதுமளவுக்கு எனக்குத் தெரியவில்லை. திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவையும் சரியாகத் தெரியவில்லை. பாட்டு முடிந்த பிறகும் நான் எழுந்திருக்காததைப் பார்த்து, மூன்றாவது வரிசையிலிருந்து அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "மூக்கத் தொடை" என்று முந்தானையைக் கொடுத்தாள்.

மே 13, திங்கள்

சாயங்காலம் ஃபெலிக்ஸ் ஆட்டோவோடு வந்தார். கீபோர்டைச் சுற்றுவதற்குப் பழைய மெத்தை விரிப்பும் கொண்டுவந்திருந்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"அது இல்லடா" என்றார் அப்பா.

"என்னண்ணே, எடுத்துக்கன்னு அக்கா சொன்னாங்களே. சும்மாத்தானே கெடக்கு."

"சும்மா கெடக்கல. என் சுருதியில நிக்குது."

"புரியலண்ணே."

"உனக்குப் புரிய வேணாம். காபி குடி."